மெனு பேசாது

செப். 7, ஞாயிறு

காலையில் தூறல். துணியெல்லாம் உள்ளே. மகேஸ்வரி கொடுத்தனுப்பிய பென்டிரைவ் கைக்கு வந்துவிட்டது. விழுப்புரம் விடுதியில் ஆறு வருடம் பக்கத்துக் கட்டில்காரி. அவளுக்கும் என்னைப் போலப் பார்வை கிடையாது, ஆனால் கணினி விஷயத்தில் என்னைவிடப் பத்து மடங்கு கெட்டி.

பென்டிரைவில் லினக்ஸ், விண்டோஸ் போல இன்னொரு சிஸ்டம். என் லேப்டாப்பில் இருக்கும் விண்டோஸை அழிக்காமல், பக்கத்திலேயே இதையும் போட வேண்டும். இனி ப.சி., பு.சி. (பழைய சிஸ்டம், புது சிஸ்டம்). பிரெயிலில் முழுதாகக் குத்த விரல் வலிக்கிறது.

காரணம் இந்த டைரிக்கு மட்டும். திருச்சியில் பார்வையற்றோருக்குப் புத்தகம் தயாரிக்கும் நிறுவனத்திலிருந்து மெயில். 18ஆம் தேதி நேர்முகம், செய்முறைத் தேர்வு. "எங்களிடம் உள்ள கணினிகள் அனைத்தும் லினக்ஸ்." நான் அதை ஒரு நாள்கூடத் தொட்டதில்லை. பதினொரு நாள் இருக்கிறது.

ப.சி.யை விட முடியாது. நான் வேலை பார்க்கும் செஞ்சிப் பள்ளியின் காலாண்டு வினாத்தாள் முழுக்க அதில்தான் தட்டச்சு செய்கிறேன். ஏழாம் வகுப்புத் தமிழ் வெள்ளிக்குள் தர வேண்டும்.

அண்ணனிடம் "லேப்டாப் ஸ்லோவா இருக்குது" என்று மட்டும் சொன்னேன்.

"இருக்கறதே நல்லாத்தானே ஓடுது. இன்னாத்துக்கு இன்னொண்ணு?"

திருச்சியைப் பற்றிச் சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன் சென்னை வேலை வந்தபோது, "மெட்ராஸ்ல ரோடு தாண்டுவியா நீ?" என்று ஒரே கேள்வி கேட்டார். அந்தக் கடிதம் அத்தோடு போயிற்று.

அண்ணி இப்போது எட்டிப் பார்த்து, "இன்னா டொக்கு டொக்குன்னு குத்தினு கீற?" என்றார். இலக்கணக் குறிப்பு என்றேன். இந்த வீட்டில் பிரெயில் படிக்கத் தெரிந்தது எனக்கு மட்டும்.

செப். 8, திங்கள்

புழுக்கம். பள்ளிக்கு அரைநாள் விடுப்பு.

மகேஸ்வரி சொன்ன வரிசை: ப.சி.யில் டிஸ்கில் இடம் ஒதுக்கு (செய்தேன்). வினாத்தாள் எல்லாம் வேறு பென்டிரைவில் நகல் (செய்தேன், இரண்டு முறை). அணைத்துப் போடும்போது F12ஐத் தட்டிக்கொண்டே இரு.

அங்கேதான் வினை. F12 தட்டினால் வரும் மெனு பேசாது. எந்த சிஸ்டமும் ஏறுவதற்கு முன்னால் வருவது. திரையைப் படித்துச் சொல்லும் குரல் ஏற இன்னும் நேரம் ஆகவில்லை. என்னைப் பொறுத்தவரை மேசைமேல் ஒரு சூடான பலகை, அவ்வளவுதான்.

வேறு வழியில்லை. அண்ணியைக் கூப்பிட்டேன். ஈரக்கையோடு வந்தார். எட்டாவது வரை படித்தவர். ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான்.

"எது வந்தாலும் அப்படியே படிங்க அண்ணி."

"யூ... இ... எஃப்... ஐ. அப்பால ரெண்டு புள்ளி. நெறைய கீது மதி, எல்லாத்தையும் படிக்கணுமா?"

"யூ எஸ் பின்னு எங்கயாச்சும் இருக்குதா?"

"கீழ ஒண்ணு கீது. யூ, எஸ், பி. நீலக்கலர் மேல நிக்குது."

கீழ் அம்பு மூன்று முறை. என்டர். ஒரு 'பீப்'. பேச்சு வேண்டும் என்பதற்கு எஸ் அழுத்தி என்டர். பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன். பிறகு தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல ஓர் ஆங்கிலக் குரல். அண்ணி கையைத் தட்டினார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

முடிய மூன்று மணி நேரம். "டிஸ்கில் எழுதவா, ஆமா, இல்லையா" என்று அது கேட்டது. ஆமா.

மறுபடி போட்டால் இனி எப்போதும் ஒரு மெனு வரும். மேலே பு.சி., கடைசியில் ப.சி. இதுவும் பேசாது. சும்மா இருந்தால் சில நொடியில் பு.சி.க்குப் போய்விடும். ப.சி. வேண்டுமென்றால் சரியான நேரத்தில் கீழ் அம்பு இரண்டு, என்டர். அந்த நேரம் எது என்று விசிறிச் சத்தத்தை வைத்துக் கணிக்க வேண்டும். ஐந்து முறை முயன்றேன். இரண்டு முறை கிடைத்தது.

செப். 9, செவ்வாய்

பு.சி.யில் எனக்குத் தெரியாதவை:
வைஃபை இல்லை. எங்கே என்று தேட முடிகிறது, கண்டுபிடிக்க முடியவில்லை.
தமிழ்க் குரல் 'ழ'வை விழுங்குகிறது.
வரி வரியாகப் படிக்கும் விசை வேறு. பன்னிரண்டு வருடப் பழக்கம் விரலில் இருக்கிறது, விரல் கேட்க மாட்டேன் என்கிறது.
சேமித்த கோப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

மகேஸ்வரிக்கு நான்கு முறை போன். நான்காவது முறை, "நீ இன்னாடி, பரீட்சைக்கு மொதநாள் ராத்திரி புஸ்தகம் தெறக்கற கேசு" என்றாள். சிரிப்பு வரவில்லை. போனை வைத்துவிட்டேன்.

மல்லாட்டை காயப்போட்டிருக்கிறது வாசலில், இந்த முறை விளைந்த நிலக்கடலை முழுக்க. மழை வந்தால் நானும் அள்ளப் போக வேண்டும்.

செப். 10, புதன்

எட்டரைக்குப் ப.சி.யில் அலாரம் வைத்திருந்தேன். அடிக்கவில்லை. ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டு நிமிர்ந்து மணி கேட்டால், கணினி "மூன்று இருபது" என்றது. எங்கள் சிங்கவரத்திலிருந்து செஞ்சிக்கு எனக்குத் தோதான பஸ் போயே போய்விட்டது.

விசாரித்ததில்: இரண்டு சிஸ்டமும் ஒரே கடிகாரத்தை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்கின்றன. பு.சி.க்குப் போய்த் திரும்பினால் ப.சி.யில் ஐந்தரை மணி நேரம் பின்னால். சரிசெய்ய ஒரு வரி கட்டளை. அதைத் தெரிந்துகொள்ள ஒரு பகல்.

அண்ணன் வண்டியில் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் முனகல். "ரெண்டு வெச்சிக்கினா ரெண்டும் ஒழுங்கா ஓடாது. நானே சொன்னேன்."

மாலை வைஃபைக்காக மீண்டும் அந்தப் பேசாத மெனுவுக்குள் போனோம். மகேஸ்வரி போனில், அண்ணி திரைமுன், நான் விசைப்பலகையில். துவக்கத்தில் ஏதோ ஒரு பாதுகாப்புப் பூட்டை அணைக்க வேண்டுமாம். அணைத்தேன். வைஃபை வந்துவிட்டது!

அண்ணி போகும்போது, "டிசேபிள்னா அணைக்கறது, எனேபிள்னா போடறது. கரெக்டா?" என்றார்.

செப். 11, வியாழன்

மோசமான நாள்.

ப.சி. வரவில்லை. அம்பு இரண்டு, என்டர், பிறகு ஒன்றுமில்லை. நாளைக்கு வினாத்தாள். நகல் பென்டிரைவில் இருக்கிறது, ஆனால் பள்ளியில் கேட்கும் பழைய எழுத்துரு ப.சி.யில்தான். பு.சி.யில் திறந்தால் திருக்குறள் இருந்த இடத்தில் "சதுரம் சதுரம் கேள்விக்குறி" என்று படிக்கிறது.

அண்ணியைக் கூப்பிட்டேன். மாவு அரைத்துக்கொண்டிருந்தார். நிறுத்திவிட்டு வந்தார்.

"பூரா நீலம். ஆர்... இ... சி... ஓ... வி..."

ரெகவரி கீ, பூட்டைத் திறக்கும் எண். நேற்று அந்தப் பூட்டை அணைத்ததால் ப.சி. சந்தேகப்பட்டு டிஸ்கைச் சாத்திவிட்டது. அணைக்கும் முன் நான் அதற்குச் சொல்லியிருக்க வேண்டும். என் தப்பு. மகேஸ்வரியும் மறந்துவிட்டாள். நாற்பத்தெட்டு இலக்கம் கேட்கிறது. அது என் மெயிலில் இருந்தது. போனைக் காதில் வைத்து, ஆறு ஆறாகக் கேட்டு, அடித்தேன். தப்பு. மறுபடி. தப்பு.

"மதி, நீ ஒவ்வொண்ணா சொல்லினே அடி. நான் அங்க வுழுதான்னு பாக்கறேன்."

அப்படியே செய்தோம். நடுவில் அண்ணி, "இரு, நாலு வுழல, திரும்ப அடி" என்றார். விசை சரியாக அழுந்தவில்லை. நாற்பத்தெட்டாவது இலக்கம். என்டர். விசிறி ஓடியது. "வெல்கம்" என்றது என் பழைய குரல். அழுகை வந்துவிட்டது, எரிச்சலில்தான்.

அண்ணன் சாப்பாட்டுக்கு வந்து பாதி அரைபட்ட மாவைப் பார்த்துவிட்டு, "வூட்டு வேலைய வுட்டுட்டு ரெண்டு பேரும் இன்னா ஆராய்ச்சி?" என்றார். அண்ணி மாவு அரைக்கப் போனார்.

செப். 12, வெள்ளி

வினாத்தாள் கொடுத்தாயிற்று. ஒன்பதாம் கேள்வியில் ஒரு மதிப்பெண் விட்டுப்போயிருந்ததாம். டீச்சர் பேனாவால் போட்டுக்கொண்டார்.

மழை. மல்லாட்டை அள்ளினோம். முதுகு வலி.

செப். 13, சனி

நடந்ததை நடந்தபடி.

காலை பு.சி.யில் பயிற்சி. மெயில் திறந்து, திருச்சிக் கடிதத்தை இன்னொரு முறை கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன கொண்டுவர வேண்டும் என்று பார்க்க. பாதியில் குரல் நின்றுபோயிற்று. பின்னால் ஏதோ அப்டேட் ஓடியிருக்கிறது. எந்த விசைக்கும் பதில் இல்லை. ஒலியைக் கூட்டினேன், குறைத்தேன். ஒன்றுமில்லை. கோபத்தில் மூளை வேலை செய்யவில்லை. பழக்க தோஷம்:

"அண்ணி! இங்க இன்னா வந்திருக்குதுன்னு பாருங்க."

வந்தார். நான்கு நாளாகச் சொல்லிக் கொடுத்தது போல, எது இருந்தாலும் அப்படியே படித்தார். ஆனால் இந்த முறை எழுத்துக்கூட்டவில்லை. தமிழ். கடகடவென்று.

"அன்புடையீர், தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு, வரும் பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்குத் திருச்சியில் நடைபெறும் நேர்முகத் தேர்வுக்கு... தேர்ந்தெடுக்கப்பட்டால் விடுதி வசதி..."

நின்றுவிட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இது எப்போ வந்துச்சி?"

"போன வாரம் வியாழக்கிழம."

"இதுக்குத்தானா இவ்ளோ நாளா?"

"ஆமா."

"லேப்டாப் ஸ்லோன்னியே."

அண்ணி எழுந்து போய்விட்டார். நாற்காலி சாய்ந்து விழுந்தது. அதை எடுத்து வைக்கவும் இல்லை.

செப். 14, ஞாயிறு

அண்ணி பேசவில்லை. தட்டு வைக்கும் சத்தம் மட்டும். அண்ணனிடம் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் வீடு இப்படி இருக்காது.

குரல் இன்னும் வரவில்லை. மகேஸ்வரி சொன்னதெல்லாம் செய்தேன். கண்ணில்லாமல், குரலில்லாமல் கட்டளை அடிப்பது சுவரில் எழுதுவது போல. அடித்தது விழுந்ததா என்றுகூடத் தெரியாது.

மத்தியானம் நானே அடுப்படிக்குப் போனேன்.

"அண்ணி, கோவமா?"

"வேலைக்குப் போறதுக்கு நான் இன்னாத்துக்குக் கோவப்படறேன்? நாலு நாளா மாவ வுட்டுட்டு, பால வுட்டுட்டு, ஏ பி சி டின்னு கத்தினு கெடந்தனே. எதுக்குப் படிக்கறோம்னு ஒரு வார்த்த சொல்லலாமில்ல. நான் இன்னா, நீ வெச்சினு கீற கண்ணாடியா?"

உண்மை அதுதான். அவர் கண்ணை எடுத்துக்கொண்டேன், அவரை விட்டுவிட்டேன்.

"அண்ணன்கிட்ட சொல்லிடுவீங்கன்னு பயந்தேன்."

"சொல்லிருப்பனோ இன்னாவோ. கேட்டுப் பாத்தியா நீ?"

தேங்காய் துருவ ஆரம்பித்தார். பிறகு, "அந்த டப்பா பேசுதா இல்லியா இப்போ?" என்றார்.

செப். 15, திங்கள்

குரல் வந்துவிட்டது! ஒலி வேறு வழியில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஹெட்போனைச் சொருகி எடுத்ததும் திரும்பிவிட்டது. மூன்று நாள் தவிப்பு, ஒரு சொருகல். யாரை அடிப்பது?

அண்ணி பக்கத்தில் இருக்கும்போதே இன்னொன்றும் செய்தேன். தொடக்க மெனு வந்ததும் ஒரு 'பீப்' அடிக்கும்படி மாற்றினேன். மகேஸ்வரி கண்டுபிடித்துச் சொன்னது. இனி விசிறியைக் கேட்டுக் கணிக்க வேண்டாம்.

மாலை அண்ணனிடம் சொன்னேன். டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"தங்கச்சிக்கு சோறு போட முடியாம வெளியூருக்கு அனுப்புனான்னு ஊர்ல பேசுவான்."

"சோத்தப் பத்தி யாருண்ணா பேசுனா?"

"தனியா எப்டி இருப்ப?"

"விழுப்புரத்துல ஆறு வருசம் இருந்தனே."

"அப்போ நைனா இருந்தாரு. வாரா வாரம் வந்து பாத்தாரு."

அண்ணி உள்ளிருந்தே சொன்னார்: "பரீச்சைக்கு நான் கூட்டினு போறேன். கெடைக்கட்டும் மொதல்ல. அப்பால பேசலாம்."

அண்ணன் குழாயை மூடிவிட்டுப் போய்விட்டார்.

செப். 17, புதன்

பயிற்சி. பு.சி.யிலேயே நேற்று முழு நாள், இன்று காலையும். கோபம் குறைந்ததா, பழகிவிட்டதா தெரியவில்லை. தமிழ்க் குரல் இன்னும் 'ழ'வை விழுங்குகிறது. விழுங்கட்டும்.

எடுத்து வைத்தவை: சான்றிதழ் நகல், அடையாள அட்டை, ஹெட்போன் இரண்டு, மடக்குக் கோல், புளிசோறு. மத்தியானம் பஸ். ராத்திரி திருச்சியில் அண்ணியின் சித்தி வீடு.

செப். 19, வெள்ளி

நேற்று நடந்தது. முதலில் என் கணினிக்குக் குரலே வரவில்லை. மேற்பார்வை அம்மா, "வேற சிஸ்டம் மாத்தித் தரவா?" என்றார். வேண்டாம் என்று சொல்லி, குரலை எழுப்பும் மூன்று விசையைச் சேர்த்து அழுத்தினேன். பேசியது. ஸ்கேன் செய்த புத்தகத்தில் நான்கு பக்கம் பிழை திருத்த வேண்டும். மூன்றரைப் பக்கம் முடித்தேன். சேமிக்கும் இடத்தில் இரண்டு நிமிடம் தடுமாற்றம். பக்கத்து நாற்காலிக்காரர் எனக்கு முன்பே எழுந்துவிட்டார்.

"எவ்ளோ நாளா இதுல வேலை பாக்குறீங்க?"

"பத்து நாள் மேடம்."

"யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

மகேஸ்வரி பெயரைச் சொன்னேன். பிறகு, "வெளியில உக்காந்திருக்காங்க, எங்க அண்ணி, அவங்களும்" என்றேன். திரும்பும் பஸ்ஸில் இதைச் சொன்னபோது அண்ணி, "என் பேர இன்னாத்துக்குடி இழுத்த?" என்று என் தொடையில் அடித்தார். விழுப்புரம் வரை தூங்கவில்லை, பேசிக்கொண்டே வந்தார்.

செப். 22, திங்கள்

வெயில். காலை பதினொன்றுக்குப் போன். கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். அரைப் பக்கம் விட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணி முதலில் கத்தினார், பிறகு மூக்கைச் சிந்தினார்.

அண்ணனிடம் சாப்பாட்டின்போது சொன்னேன். சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். வாசல் வரை போன காலடி நின்றது.

"அந்த ஆஸ்டலு மாடியா, தரையா? படிக்கட்டு எத்தினி?"

தெரியவில்லை என்றேன்.

"இது கூட கேக்காம இன்னா வேலைக்குப் போற நீ? நம்பர குடு, நானே கேக்கறேன்."

கொடுத்தேன். வெளியே நின்று பேசிக்கொண்டிருக்கிறார். குரல் பெரிதாகக் கேட்கிறது. பாத்ரூமில் கைப்பிடி உண்டா என்று இரண்டாம் முறையாகக் கேட்கிறார்.