கலைத்துப் போடுகிற கை

அண்ணா,

இன்று ஞாயிறு. நகரியில் தறிச் சத்தம் இல்லாத காலை. எதிர்வீட்டு முனிரத்தினம் வந்தார், உன் சீட்டாட்டக் கூட்டாளி. வாசற்படியைக் காலால் தேடித்தான் ஏறினார். “தங்கச்சி, அண்ணனோட புள்ளி சீட்டு இன்னும் வெச்சிக்கினு இருக்கியா? சர்க்கரையில எனக்குக் கண்ணு மங்கிக்கினே போவுது” என்றார். இரக்கம் வரவில்லை எனக்கு. எரிச்சல்தான் வந்தது.

உனக்குப் பார்வை போனபோது தறியை விட்டதற்கு நீ அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரம்மிக்கு யாரும் கூப்பிடவில்லை என்றுதான் அழுதாய். திருப்பதியில் பிரெயில் புள்ளியெழுத்துக் கற்கப் போன இடத்தில் அந்தச் சீட்டுக்கட்டு கிடைத்தது. ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் மேடாகச் சில புள்ளிகள். விரல் வைத்தால் ஆர்ட்டின் ராணியா, கிளாவர் பத்தா என்று தெரிந்துவிடும். நம் வீட்டுக் கூடத்தில் மறுபடி ஆட்டம் கூடியது. கீழே போடுகிற சீட்டை மற்றவர்கள் உனக்காகச் சத்தமாகச் சொன்னார்கள். டீ கொண்டுவரும்போது உன் முகத்தைப் பார்ப்பேன். கல்யாண மாப்பிள்ளை கெட்டான் போ!

நீ தோற்றுக்கொண்டிருந்தவரை எல்லாரும் நல்லவர்கள். தொடர்ந்து ஜெயிக்க ஆரம்பித்ததும் முனிரத்தினம் வாயைத் திறந்தார். “இனிமே நீ சீட்டு கலைச்சிப் போடாத நைனா. போடறப்ப எங்க சீட்டையும் தடவிப் பாத்துடுற.”

“நீங்க கலைக்கிறப்ப கண்ண மூடிக்கினா கலைக்கிறீங்க? நான் என்னிக்காவது கேட்டேனா?” என்றாய்.

உன் முறை வந்தால் வேறொருவர் போடட்டும், நீ ஆடினால் போதும் என்றார்கள். “நம்பினா நானும் போடுவேன். இல்லன்னா எனக்கு ஆட்டமே வாணாம்” என்று எழுந்துவிட்டாய். யாரும் உன்னை உட்காரச் சொல்லவில்லை.

அப்புறம் திரையில் இருப்பதைப் பேசிச் சொல்கிற போனில் சீட்டாட்டத்தை ஏற்றிக்கொண்டு, ஊர் பேர் தெரியாதவர்களோடு ஆடினாய். “இதுல நான் குருடன்னு யாருக்கும் தெரியாது பாப்பா” என்றாய். சந்தோஷத்தில் சொன்னாயா, வயிறெரிந்து சொன்னாயா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இவ்வளவும் மனத்தில் இருந்தும் சீட்டுக்கட்டை எடுத்து வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். நீ எனக்குக் காட்டியதுபோலவே புள்ளிகளைத் தடவிக் காட்டினேன். ஒரு சீட்டைப் படிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. “அவன் எப்பிடித்தான் கத்துக்கினானோ” என்றார். மெதுவாக ஓர் ஆட்டம் ஆடினோம். அடுத்து சீட்டு போடுவது அவர் முறை.

“நான் போடலாமா?” என்று தயங்கினார்.

“உங்க முறைன்னா நீங்கதான் போடணும்” என்றேன், சுவரில் படமாகிவிட்ட உனக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே.

அவர் போட்டார். தன் சீட்டைப் படிக்கவே திணறுகிற மனிதர் என் சீட்டை எங்கே படிக்கப் போகிறார்? ஆனாலும், என் பக்கம் வந்த ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் அவர் விரல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், அண்ணா. உன்னை நம்பாதவர்களை இத்தனை காலம் வாய் ஓயாமல் திட்டிய நானேதான்.

அடுத்த ஞாயிறும் வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். அவர் போடும்போது என் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.