வழக்கமாக வசிக்கும் இடம்

மார்ச் 4

மகளின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். லிஃப்ட் மாட்டுகிறவருக்கு ஏற்றத்துக்கு என்ன குறை?

பள்ளிக்கூட வேலையோடு என்னை வாக்காளர் பட்டியல் சரிபார்க்கவும் போட்டிருக்கிறார்கள். நம் தெருவையும் சேர்த்து இருநூற்றுப் பத்து வீடு. ஆள் இல்லாத வீட்டை மூன்று வேறு நாட்களில் போய்த் தட்ட வேண்டும், ஒவ்வொரு தடவையும் சீட்டு ஒட்ட வேண்டும். அப்போதும் ஆள் இல்லையென்றால் பெயரை அடித்துவிட வேண்டும். போன வாரம் தையல்காரர் மகன் பெயரை அடித்தேன். வெளியூரில் வேலை, ஒன்றரை வருஷமாக வரவில்லை. தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, "உங்க வீட்டுக்காரரும் ஊர்ல இல்லையே டீச்சர்?" என்றார்.

அதனால் இன்று நம் வீட்டுக் கதவை நானே தட்டினேன். மகள் உள்ளேயிருந்து யாரென்று கேட்டாள். சீட்டை ஒட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன். நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இங்கே வசிக்கிறீர்களா இல்லையா என்று இரண்டு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
மகளின் அம்மா

மார்ச் 11

டீச்சரம்மாவுக்கு,

சிரிக்கவில்லை. என் சட்டைகள் அலமாரியில் இருக்கின்றன, பழைய கருவிப்பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நான் மட்டும் எப்படி இல்லாமல் போவேன்?

இங்கே ஓர் அறையில் எட்டுப் பேர். இந்த ஊரில் பெயர் சேர்க்க வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டுமாம். அவர் வாடகை வாங்கியதற்கே கையெழுத்துப் போடாத மனுஷன். நீயும் அங்கே அடித்துவிட்டால் நான் எந்த ஊர்க் கணக்கிலும் இல்லாதவன். தெருவில் இன்னும் எத்தனையோ வீடு இருக்கிறது, அதைப் பார். என்னை விட்டுவை. மகள் உயரமாகிவிட்டாளா?

அன்புடன்,
நான்தான்

மார்ச் 19

மகளின் அப்பாவுக்கு,

சட்டைக்கு ஓட்டு இல்லை. மகள் என் தோளைத் தாண்டிவிட்டாள்.

அதை விடுங்கள். சரிபார்க்க உதவும் என்று போன தேர்தலில் குறியிட்ட பட்டியலைக் கொடுத்தார்கள். உங்கள் பெயருக்கு நேரே 'வாக்களித்தார்' என்று குறி இருக்கிறது. நீங்கள் அப்போது ஊரில்கூட இல்லை. எவனோ உங்கள் பெயரைச் சொல்லிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. இல்லாதவர் பெயரை அடி என்று சட்டம் சொல்வது ஏனென்று இப்போதுதான் புரிகிறது.

அன்று அந்தச் சாவடியில் அதிகாரியாக இருந்தவர் எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியர். அட்டையைப் பார்த்துத்தான் எல்லோரையும் விட்டேன் என்கிறார், கண் கலங்குகிறது. உங்கள் அட்டை உங்களிடம்தானே இருக்கிறது? தொலைத்துவிட்டீர்களா? ஏப்ரல் ஐந்தாம் தேதி புகார் கொடுக்கப்போகிறேன்.

இரண்டாவது சீட்டும் ஒட்டியாயிற்று.

மகளின் அம்மா

மார்ச் 23

டீச்சரம்மாவுக்கு,

போன ஓட்டு போனதுதான். ஒரு குறிக்காக ஊரைக் கூட்டாதே. அந்த ஓவிய ஆசிரியர் பாவம், பிள்ளைகுட்டிக்காரராக இருப்பார். இங்கே மழை. பன்னிரண்டாவது மாடியில் கயிறு நனைந்து வேலை நிற்கிறது.

நான்

மார்ச் 27

மகளின் அப்பாவுக்கு,

முகம் தெரியாதவருக்காக இவ்வளவு பரிந்து பேசுகிறீர்கள். அட்டையைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை, மழையைப் பற்றி எழுதுகிறீர்கள்.

புகார் கொடுத்ததும் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைப்பார்கள். பிறகுதான் ஓட்டுப் போட்டவர்கள் கையெழுத்திட்ட, முத்திரை வைத்த புத்தகத்தைத் திறப்பார்கள். அதற்குச் சில மாதம் ஆகலாம். எனக்கும் அவரைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. மனம் ஒரு நிலையில் இல்லை. பாடம் நடத்தும்போது கரும்பலகையில் பாதி வாக்கியத்தோடு நின்றுவிடுகிறேன். ஆனாலும் கொடுப்பேன்.

மகளின் அம்மா

மார்ச் 30

உனக்கு,

புகார் கொடுக்காதே. அது நான்தான்.

காலை பஸ்ஸில் வந்தேன். வரிசையில் நின்றேன். ஓவிய ஆசிரியர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், விட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஓட்டுப் போட்டுவிட்டு நம் தெருமுனை வரைக்கும் வந்தேன். ஊரை விட்டுக் கிளம்பிய அன்று நீ, "இருக்கறதுன்னா வாங்க, இல்லன்னா இந்த வாசப்படிய மிதிக்காதீங்க" என்று சொன்னது காதிலேயே இருந்தது. அடுத்த நாள் காலை எனக்கு வேலை. 'இருக்கிறேன்' என்று பொய் சொல்லத் தைரியம் வரவில்லை.

மகள் சைக்கிளில் வந்தாள். மணி அடித்தாள். நான் ஒதுங்கி வழி விட்டேன். தாடி வைத்திருந்தேன், அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அப்படியே திரும்பிவிட்டேன். ஓட்டுப் போட மட்டும் அவ்வளவு தூரம் யார் வருவார்கள் என்று நீயே யோசித்துக்கொள்.

நான்

ஏப்ரல் 4

உங்களுக்கு,

புகார் கொடுக்கவில்லை. ஓவிய ஆசிரியரிடம் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்கே தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

மகளிடமும் மன்னிப்புக் கேட்டேன். தேர்தல் அன்று வீட்டுக்கு வந்ததும், "அப்பா மாதிரியே ஒருத்தர் முனையில நின்னாரும்மா" என்றாள். உளறாதே என்று அதட்டியிருந்தேன். அன்றிலிருந்து உங்களைப் பற்றி அவள் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. ஏனென்று இப்போதுதான் தெரிகிறது. இதற்காக உங்கள் மேல் எனக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

சாவடிக்கும் வீட்டுக்கும் முந்நூறு அடி. உங்களுக்கு அது பன்னிரண்டு மாடியைவிட உயரமாகிவிட்டது. அப்படி ஆக்கியதில் என் வாய்க்கும் பங்கு உண்டு.

இன்று மூன்றாவது முறை தட்டப் போனேன். மகள் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். திறந்த கதவைத் தட்டக் கை வரவில்லை. சீட்டை மட்டும் ஒட்டினேன். பிறகு உட்கார்ந்து உங்கள் பெயரை அடித்தேன். தையல்காரர் மகனுக்கு ஒரு சட்டம், என் வீட்டுக்காரருக்கு ஒரு சட்டமா? அவனுக்குப் போன அறிவிப்பைத்தான் உங்களுக்கும் கீழே எழுதியிருக்கிறேன்.

'தங்கள் பெயர் நீக்கப்பட்டுள்ளது. ஆட்சேபணை இருப்பின் பதினைந்து நாட்களுக்குள் நேரில் வந்து, இம்முகவரியில் வழக்கமாக வசிப்பதாகக் கூறிக் கையெழுத்திட வேண்டும். தபாலில் வருபவை ஏற்கப்படமாட்டா.'

இப்படிக்கு,
சரிபார்ப்பு அலுவலர்