ஊதாப் புழு

எங்கள் பட்டறை நீண்ட ஆலோசனைக்குப் பின் மாபெரும் முடிவொன்றை எடுத்திருக்கிறது: தூண்டிலில் மாட்டும் பிளாஸ்டிக் புழு இனி ஊதா நிறம். இச்செய்தியோடு உன் நலமும் வயிற்றிலிருப்பவர் நலமும் அறிய ஆவல்.

ஊதாப் பொடி லேசில் கரையாது. பிளாஸ்டிக்கைக் கூடுதலாகக் காய்ச்சினேன். அச்சில் ஊற்றும்போது பெருவிரலில் கொஞ்சம் கொட்டிவிட்டது. பயப்படாதே, புழு நன்றாக வந்தது. ரேகை அழிந்ததால் வருகை பதியும் மெஷினுக்குத்தான் என்னை அடையாளம் தெரியவில்லை.

“மீனையே ஏமாத்துற ஆளு, ஒரு மெஷினை ஏமாத்த முடியலையாய்யா?” என்று மேஸ்திரி சிரித்தார். நானும் சிரித்தேன்.

உன் பழைய சேலையில் ஒரு துண்டு அனுப்பு. விரலில் சுற்ற இங்கிருக்கும் துணி உறுத்துகிறது.

மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். மெஷின் கணக்கில் நான் இருபது நாள் வேலைக்கு வரவில்லை. அதை லீவில் கழித்துவிட்டார்கள். பிரசவத்துக்கு வர வைத்திருந்ததும் இருபது நாள்தான்.