நீலப் பட்டையும் இருபத்தெட்டு நாள் விரதமும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். என் வலது கை மட்டும் ஒரு மாதமாக நலமில்லாமல் இருந்து இப்போது அதுவும் எங்களோடு சேர்ந்துகொண்டது. நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்தப் பாழாய்ப்போன ஜன்னலைச் சரி செய்தார்களா என்று எழுது. கடிதம் தாமதமானதும் அம்மா இன்னும் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்திருப்பாய். பாதி கோபம்தான், மறுக்கவில்லை, மீதிப் பாதி கை. போனில் சொன்னால் என்ன என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் நான் முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாக வேண்டும். எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கிறது என்று அப்பா இப்போதே எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார். அவருக்கு என்ன, பள்ளிக்கூட வேனை ஓட்டிவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தால் ராஜாதான். வேன் பிள்ளைகள் அவருக்கு ஹாரன் மாமா என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. உன் அறையில் அவருடைய சட்டைகள் குடியேறிவிட்டன, நீ வருவதற்குள் காலி செய்ய வைக்கிறேன்.

போன முறை நீ கிளம்பும்போது வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாயே, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது அந்த மாட்டோட முகத்தைப் பாரும்மா என்று, அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. பதினோரு வருஷம் அந்தப் பண்ணையில் மருந்து அறையைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சம்பளத்தில் உன்னைப் படிக்கவைத்து, கடைசியில் உன்னிடமே வாங்கிக் கட்டிக்கொண்டேனே என்று இருந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்த முகத்தை நான் பார்த்ததில்லைதான். ஆறாயிரம் மாடு நிற்கிற இடத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மருந்து டின், ஊசி, பேரேடு, அப்புறம் மேனேஜர் கொண்டுவந்து நீட்டுகிற தாள். மேனேஜரை நாங்கள் அவசரம் என்றுதான் கூப்பிடுவோம், அவர் வாயில் வேறு சொல் வராது. தாளில் உருப்படி நாற்பது, விரதம் முடிந்தது என்று இருக்கும், நான் கீழே கையெழுத்துப் போடுவேன், லாரி இறைச்சிக் கூடத்துக்குப் போகும். விரதம் என்பது எங்கள் பண்ணைப் பேச்சு, உனக்கு இதுவரை சொன்னதில்லை. நோய்க்கு ஊசி போட்ட மாட்டை இருபத்தெட்டு நாள் வெட்டக் கூடாது, மருந்து உடம்பைவிட்டு வெளியேற வேண்டும். அதுவரை இடுப்பில் நீலப் பட்டை அடித்துவிடுவோம். மாடு விரதம் இருக்கிறது என்போம், உண்மையில் மாடு வயிறு முட்டத் தின்றுகொண்டிருக்கும், விரதம் அதைச் சாப்பிடப் போகிறவர்களுக்கு.

இனி கைக்கு வருகிறேன். தீவனத்தில் கலக்கிற மருந்து டின்னின் மூடி கையைக் கிழித்தது, சின்னக் கீறல்தான். ஊசி மருந்து வேறு, இது தினமும் கலப்பது. நோய் வந்ததற்காக அல்ல, வராமல் இருப்பதற்காக. கால் மாற்றி நிற்க இடமில்லாத பட்டியில், சாணியிலேயே நின்று, ஒன்று விட்ட மூச்சை ஒன்று இழுத்துக்கொண்டிருந்தால் நோய் வராமல் என்ன செய்யும், அதனால் எல்லா மாட்டுக்கும் காலையில் ஒரு கை மருந்து. என் கீறல் வீங்கிச் சிவந்து மணிக்கட்டுவரை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், ஆறு நாள் தின்றும் ஒரு பிரயோஜனமும் இல்லை. மறுபடி போனால் வேறொரு டாக்டர், உன் வயதுதான் இருக்கும், உன்னைப் போலவே புருவத்தைத் தூக்கிக்கொண்டு கேள்வி கேட்கிறாள். எத்தனை நாளா சாப்பிடறீங்க என்றாள். நானும் வாய்க்கு வந்த பழக்கத்தில், ஆறு நாள் ஆச்சு டாக்டர், இன்னும் இருபத்திரண்டு நாள் விரதம் பாக்கி என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் பதறிப்போய், வெறும் வயித்துல மாத்திரை போடக் கூடாதும்மா, யாரு உங்களை விரதம் இருக்கச் சொன்னது என்று அப்பாவை முறைத்தாள். அப்பா சிரித்த சிரிப்பில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவளை வெட்டுறதுக்கு இன்னும் நாள் இருக்கு டாக்டர், அதைத்தான் சொல்றா என்றாரே பார்க்கலாம்.

விஷயத்தை விளக்கிச் சொன்னதும் அவள் சிரித்தாள், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, தீவனத்துல போடற மருந்து பேர் என்ன என்றாள். பதினோரு வருஷமாகப் பார்க்கிற பெயராயிற்றே, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அவள் என் மாத்திரை அட்டையைத் திருப்பி, பெரிய எழுத்துக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைக் காட்டினாள். அதே பெயர். உங்க பண்ணைக் கிருமி தினமும் இதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கும்மா, அதான் உங்க கையிலயும் இதுக்கு மசிய மாட்டேங்குது போல என்றாள். அந்த ஒரு கை மருந்தை அளந்து கொடுத்தது இந்தக் கைதானே. அவள் வேறு மருந்து எழுதிக் கொடுத்தாள், பத்து நாளில் வீக்கம் வடிந்தது. அந்த வேறு மருந்தும் ஒருநாள் கேட்காமல் போனால் என்ன செய்வது என்று கேட்டேன், அவள் பழைய மருந்து ஏன் கேட்கவில்லை என்பதையும் சீட்டில் எழுதி என் கையில் கொடுத்தாள்.

கையில் கட்டோடு வேலைக்குப் போன புதன்கிழமை, அவசரம் தாளோடு வந்தார். உருப்படி நாற்பது, லாரி வாசலில் நிற்கிறது, சீக்கிரம் போடுங்கக்கா என்றார். பேனாவை எடுத்தேன். நீ சொன்னது அப்போதுதான் வந்து குறுக்கே நின்றது. மாடுங்களைப் பார்த்துட்டுப் போடறேன் என்று எழுந்து நடந்தேன், அவர் பின்னாலேயே ஓடிவந்தார். நாற்பதில் ஒன்பதுக்கு இடுப்பில் நீலப் பட்டை. பேரேட்டில் பார்த்தால் இன்னும் மூன்று நாள் இருக்கிறது. எண்ணிக்கை குறைந்ததென்று பக்கத்துப் பட்டியிலிருந்து ஓட்டிவந்து நிரப்பியிருக்கிறார்கள். மூணு நாள்ல என்னக்கா ஆயிடப் போகுது, மாடு என்ன காலண்டரா பார்க்குது என்றார். மாடு பார்க்காது, திங்கிறவங்க உடம்பு பார்க்கும் என்று கட்டுப் போட்ட கையை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். முப்பத்தொன்றுக்குத்தான் போட்டேன். முதலாளிகிட்ட சொல்றேன், அடுத்த வாரம் இந்த நாற்காலியில வேற ஆள் உட்காரும் என்று சொல்லிவிட்டுப் போனார். இதற்கு முன்னால் எத்தனை நீலப் பட்டைக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று நீ கேட்காதே, நானே கேட்டுக்கொண்டு விட்டேன், எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வேலை போனால் என் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்க வா என்று அப்பா தைரியம் சொன்னார், அது தைரியமா தண்டனையா தெரியவில்லை. வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். நான் டாக்டர் சீட்டை மேஜைமேல் வைத்தேன். பண்ணைக்கு வருகிற மாட்டு டாக்டரும் நல்ல வேளையாக வாயைத் திறந்தார், தினம் மருந்து கலக்கிறதை நான் எத்தனை தரம் வேண்டாம்னு எழுதிக் கொடுத்தேன் என்றார். முதலாளி ஒன்றும் புனிதராகிவிடவில்லை, கூட்டிக் கழித்துப் பார்த்தார், இறைச்சியில் மருந்து இருக்கிறதென்று லாரி திரும்பி வந்தால் பெயர் கெடும் என்று பயந்தார். எப்படியோ வேலை தப்பியது. இனிமேல் தாளில் ஒவ்வொரு மாட்டின் தோட்டு எண்ணும் எழுத வேண்டும், தோடு என்றால் காதில் குத்துகிற வில்லை. மருந்து அறை ஆளும் மேனேஜரும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு பட்டியில் மாட்டைக் குறைத்து, தினமருந்தை நிறுத்திப் பார்க்கிறார்கள். மற்றப் பட்டிகளுக்கு இன்னமும் நான்தான் அளந்து கொடுக்கிறேன், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. ஒரு சந்தோஷம், அவசரம் தினமும் பளபளவென்று பூட்ஸ் போட்டுக்கொண்டு சாணியில் என்கூட நடக்கிறார், இப்போது அவரால் அவசரமாக நடக்கவே முடிவதில்லை.

அந்த ஒன்பதைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துவிடாதே கண்ணு. மூன்று நாள் முடிந்தது, அடுத்த புதன் லாரி வந்தது. ஒவ்வொன்றாகத் தோட்டைப் படித்து, முகத்தைப் பார்த்தேன். ஒன்றுக்கு ஒரு கொம்பு வளைந்திருந்தது, ஒன்று என் கைக்கட்டை நக்கிப் பார்த்தது. ஒன்பதுக்கும் போட்டேன். முன்னே அரை நிமிஷத்தில் முடிகிற வேலை, அன்றைக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. நீ கறியை விட்டுவிட்டாய், நான் இன்னும் விடவில்லை, விடுவேனா என்றும் தெரியாது. ஆனால் நீ வாசலில் சொன்னது சரி. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம் எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஜலதோஷத்துக்கெல்லாம் நீயாக மாத்திரை வாங்கிப் போடாதே, டாக்டர் கொடுத்தால் பாதியில் நிறுத்தாதே, இதில் மட்டும் அம்மா சொல்வதை நம்பு. எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு. அப்பாவின் ஆசீர்வாதம் ஹாரன் சத்தத்தோடு. பதில் போடு, அடுத்த லீவில் வா, வந்தால் பட்டிக்குக் கூட்டிப் போகிறேன்.

உன் போட்டோவை எதிரே வைத்து, முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்,
அம்மா