நண்டு கடித்தும் வலிக்காத கை

பழவேற்காடு
4.8.2024

என் டாக்டர் கண்ணு காவியாவுக்கு, ஆயா செல்வம்மாள் எழுதுவது.

உன் கடிதம் வந்தது. டாக்டர் படிப்பில் இலக்கிய வகுப்பு வைத்து, வீட்டுக்குப் போன் பண்ணாதே, கடிதம் எழுது, அவங்க உடம்பைப் பற்றி அவங்க வார்த்தையிலேயே கேட்டு வாங்கு என்கிறாரே உங்கள் உதயகுமார் சார், அவருக்கு வேற வேலை இல்லையா? பக்கத்து வீட்டுக் கஸ்தூரிகூடக் கேட்டாள். "இன்னாக்கா, ஊசி போடக் கத்துத்தராம கதை எழுதவா கத்துத்தராங்க?" "உனக்கு இன்னாடி தெரியும், நீ மூணாவது, நான் அஞ்சாவது"ன்னு வாயை அடைத்தேன்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏரியில் தவழ்ந்து, சேற்றில் கையால் இறால் தடவிப் பிடிக்கும்போது, நண்டு கடித்தால் மற்றவர்கள் அலறுகிறார்கள். எனக்கு மூன்று மாதமாக வலிப்பதே இல்லை. ரத்தத்தைப் பார்த்துத்தான் கடித்ததே தெரிகிறது. ஐம்பது வருஷத் தண்ணீர் கையை இரும்பாக்கிவிட்டது. இதை வகுப்பில் படி.

உன் ஆயா

சென்னை
19.8.2024

அன்புள்ள ஆயாவுக்கு,

படித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் பெருமைதான். சார் மட்டும் தட்டவில்லை. "ரெண்டாம் தரம் படிம்மா, மெதுவா" என்றார். 'வலிப்பதே இல்லை' என்ற இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். மூன்று வருஷமாக டாக்டருக்குப் படிக்கிறேன், ஆயா. முதல் தரம் எனக்கே கேட்கவில்லை.

உன் கையில் எங்காவது வெளுத்த தேமல் இருக்கிறதா? தொட்டால் தெரிகிறதா? தொழுநோயோ என்று பயப்படுகிறேன். மாத்திரையில் குணமாகிவிடும், ஆனால் விரல் மடங்குவதற்குள் தொடங்க வேண்டும். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போவோம், நானும் வருகிறேன்.

காவியா

பழவேற்காடு
27.8.2024

காவியா,

கதை கேட்டாய், சொன்னேன். அறுபது பிள்ளைகள் நடுவில் என்னை நோயாளியாக்கிவிட்டாய்.

தேமல் இருக்கிறது. பொங்கலிலிருந்து, முழங்கைக்கு மேல். ரவிக்கைக்குள் மறைந்திருக்கிறது, மறைந்தே இருக்கட்டும். அந்தப் பெயர் வெளியே வந்தால் கஸ்தூரி ஏரியில் என் பக்கத்தில் இறங்குவாளா? ஏரிக்குப் போகாமல் உட்கார்ந்தால், "பேத்தி டாக்டராச்சே, உனக்கு இன்னா வந்துச்சு?"ன்னு கேட்பார்கள். ஊரெல்லாம் உன் பெருமையைப் பேசிய வாய் இது. இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பேச்சே குறுக்கே நிற்கிறது.

நீ வராதே.

செல்வம்மாள்

பழவேற்காடு
22.9.2024

கண்ணு,

தனியாகவே பொன்னேரி போனேன். டாக்டரம்மா கண்ணை மூடச் சொல்லி, "பஞ்சு படுற எடத்தைச் சொல்லுங்க" என்றார். படட்டும் என்று காத்திருந்தேன். கண்ணைத் திறந்தால், பஞ்சை எப்போதோ குப்பையில் போட்டிருந்தார்.

நீ பயந்த நோய்தான். ஒரு வருஷத்துக்கு மாத்திரை. கஸ்தூரியிடம் சத்து மாத்திரை என்று சொல்லிவைத்திருக்கிறேன். போகாவிட்டால் கேட்பார்களே என்று நேற்றும் ஏரியில் இறங்கினேன். விரல் நடுவில் இறால் இருக்கிறதா போய்விட்டதா தெரியவில்லை. சேற்றை அள்ளிப் பறியில் போட்டுக்கொண்டிருந்தேன். கஸ்தூரி பக்கத்தில் வந்தாள். தன் பறியிலிருந்து ரெண்டு கை இறால் அள்ளி என் பறியில் போட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் தள்ளிப் போனாள்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

இந்தக் கடிதத்தை வகுப்பில் படிக்காதே. நீ மட்டும் படி. ரெண்டு தரம் படி.

ஆயா