நினிவேயில் பிறந்தவன்

கிரவீன், சிட்னி

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் முட்டுவலியும் அம்மாவின் இருமலும் தேவலையா? நான் சுகம். வீடியோவில் வராததற்குக் காரணம் உதட்டில் இரண்டு தையல். பயப்படாதீர்கள், கஞ்சி குடிக்க முடிகிறது.

நீங்கள் பேசி அனுப்பிய பிரசங்கத்தை, அதுதான் வேதத்தில் வரும் நினிவே நகரத்தின் அழிவைப் பற்றியதை, இறைச்சிக்கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னோடு மாடு வெட்டும் ஈராக்காரன் நினோஸ் துள்ளி எழுந்தான். "நினிவேயா? அது எங்க ஊராச்சே! உங்கப்பா என்ன சொல்றார்?"

மண்ணோடு மண்ணான ஊர் என்றுதானே நாம் நினைத்திருந்தோம்? நானும் பெருமையாக மொழிபெயர்த்தேன். தெருவெல்லாம் பிணம், கர்த்தரே அழித்தார் என்றேன். பதிவில் நீங்கள் எல்லாரையும் "ஆமென்" சொல்லச் சொன்னீர்கள். நானும் சத்தமாகச் சொன்னேன். விட்டான் ஒரு குத்து. நாற்காலியோடு மல்லாந்தேன். நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து, இன்னும் மூன்று முறை குத்தினான்.

"அந்தப் பிணத்துல ஒண்ணு எங்கண்ணன் யூசிப். எங்க கோயில் வாசல்ல வச்சுத் தீவிரவாதிங்க தலையில சுட்டாங்க. நான்தான் அள்ளி எடுத்தேன்" என்று கத்தினான். பிறகு தன் சட்டையாலேயே என் ரத்தத்தைத் துடைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். வழுக்கி விழுந்ததாக மேலாளரிடம் சொல்லிவிட்டேன்.

பிரசங்கம் அனுப்புவதை நிறுத்தாதீர்கள். பதிவு செய்யும்போது போனை அம்மா பக்கத்தில் வையுங்கள். அவர்கள் இருமுவதாவது எனக்குக் கேட்கட்டும். ஞாயிறு ஜெபத்தில் யூசிப் பெயரையும் சொல்லுங்கள், நினோஸும் கேட்பான். நம் பேச்சில் அவனுக்குப் புரிவது இரண்டே சொல்தான்: நினிவே, ஆமென். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிவிடாதீர்கள், அப்பா.

வேலைக்கு நேரமாகிறது.

ஆசீர்