சுங்கச் சீட்டில் எழுதிய பேர்

வளப்பூர் நாடு,
19.1.2025, ஞாயிறு

பிரேம் அவர்களுக்கு,

வணக்கம். நேற்று நீங்களும் உங்கள் அம்மாவும் பெண் பார்க்க வந்தீர்கள். பெண் வீட்டில் இல்லை. பேளுக்குறிச்சி சந்தையில் மிளகு விற்றுக்கொண்டிருந்தேன். தரகர் குப்புசாமி என்னிடம் ஞாயிறு என்றார், உங்களிடம் சனி என்றிருக்கிறார். நீங்கள் ஏறிய பஸ்ஸும் நான் இறங்கிய வேனும் மலைப்பாதையின் எழுபது வளைவில் ஏதோ ஒன்றில் ஒதுங்கி வழிவிட்டிருக்கும். உங்களுக்கு வீண் அலைச்சல், வருந்துகிறேன். அம்மா அவசரமாகக் கிளறிய கேசரியில் மிச்சத்தை நான்தான் தின்றேன்.

போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் டவர் ஒழுங்காகக் கிடைக்காது. கிடைத்தாலும் போனில் எல்லோரும் இனிக்க இனிக்கப் பேசுகிறார்கள், பிறகு "நான் எங்க அப்படிச் சொன்னேன்?" என்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் அப்படிச் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். சந்தைப்பேட்டை சுப்பையன் டீக்கடையில் கொடுத்தால் எங்கள் பஸ் கண்டக்டர் வாங்கி வந்துவிடுவார்.

எனக்கு இருபத்தேழு வயது. பிளஸ் டூ. என் அப்பா மாணிக்கம் எந்த வியாபாரி வந்து என்ன விலை சொன்னாலும் தலையாட்டுகிறவர். பத்தொன்பது வயதில் பன்னிரண்டு கிலோ மிளகைப் பையில் கட்டிக்கொண்டு நானே பஸ்ஸில் இறங்கினேன். இன்று இந்தப் பக்கம் முப்பது வீட்டு மிளகு என் கை வழியாகத்தான் கீழே போகிறது.

சந்தையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் எனக்கு நாலடி இடம் இருக்கிறது. எங்கள் வரிசையில் ஒரு வழக்கம். இரண்டு வாரம் ஒருவர் வராவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். மூன்றாவது வாரம் அங்கே கடை போட யார் பேரில் சுங்கச் சீட்டு எழுதுகிறார்களோ, இடம் அவருக்கு. எட்டு வருஷத்தில் நான் தொடர்ந்து இரண்டு வாரம் விட்டதில்லை.

கல்யாணம் ஆனாலும் அந்த இடத்தில் நான்தான் உட்காருவேன். சம்மதமா, இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள். இல்லை என்றால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
மா. கலைமணி


பேளுக்குறிச்சி,
26.1.2025

கலைமணி அவர்களுக்கு,

பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு இதுதான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். உங்கள் கடிதத்தை என்னிடம் கொடுக்கும்போது சுப்பையன், "ஏந்தம்பி, போனுக்குக் காசு போடலயா?" என்று கேட்டார். டீக்கடையே சிரித்தது.

அன்றைக்கு நீங்கள் சந்தையில் இருக்கிறீர்கள் என்று உங்கள் அம்மா சொன்னதும் என் அம்மா ராமாயி என்ன சொன்னார் தெரியுமா? "நம்ம ஊட்டுலருந்து சந்தை பத்து நிமிச நடை. பொண்ணை அங்கயே பாத்திருந்தா பஸ் காசாவது மிஞ்சியிருக்கும்." உங்கள் அம்மாவும் சிரித்துவிட்டார்.

நாங்களும் மலைக்காரர்கள்தான். அரியூர் நாட்டிலிருந்து இறங்கிப் பதினைந்து வருஷமாகிறது. நான் நாமக்கல்லில் சென்ட்ரிங் மேஸ்திரி. சனிக்கிழமை ஆட்களுக்குச் சம்பளம் போடும் நாள், நான் இருந்தே ஆக வேண்டும். உங்களைப் பார்க்கத்தான் அன்று லீவு போட்டேன்.

இடம் உங்களுடையது. எனக்குச் சம்மதம். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த கடிதத்தில் மிளகை விட்டுவிட்டு உங்களைப் பற்றிக் கொஞ்சம் எழுதுங்கள். எது பிடிக்கும், எதற்கு வருத்தப்படுவீர்கள், அந்த மாதிரி.

அன்புடன்,
பிரேம்


வளப்பூர் நாடு,
2.2.2025

பிரேம் அவர்களுக்கு,

சம்மதம் என்று எழுதிய கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

என்னைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். பொங்கலுக்கு நாமக்கல் போய் ஒரு புடவை எடுத்தேன். வாழைக் குருத்துப் பச்சை. அம்மா, "யாரக் கேட்டு எடுத்தே?" என்றாள். "கட்டப் போறவளக் கேட்டுத்தான்" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் இல்லாத நேரம் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்திருக்கிறாள். மடிப்பு மாறியிருந்தது.

ஸ்கூட்டி லைசென்ஸுக்கு எட்டுப் போடச் சொன்னார்கள். முதல் தடவையே கால் ஊன்றாமல் போட்டேன். எனக்குப் பின்னால் வந்த நாலு ஆம்பளைகளும் ஊன்றினார்கள். அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

வருத்தம் என்றால், ஹாஸ்டலில் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட கலைச்செல்வி. அவள் கல்யாணம் ஒரு சனிக்கிழமை. நான் போகவில்லை. அன்றிலிருந்து அவள் பேசுவதில்லை. போகாதது தப்பு. இன்றைக்கு வைத்தாலும் போக மாட்டேன் என்பது அதைவிடத் தப்பு. தெரிந்துதான் எழுதுகிறேன்.

இரண்டு வருஷம் முன்னால் ஓர் இடம் கிட்டத்தட்ட முடிந்தது. பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் சமயத்தில் மாப்பிள்ளை, "சனிக்கிழமை மட்டும் வேண்டாமே" என்றார். வாரத்தில் ஆறு நாள் எனக்கு விட்டுக்கொடுத்தாராம். அவர்கள் எடுத்துத் தந்த புடவையைத் திருப்பி அனுப்பிவிட்டோம். நல்ல புடவை.

பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். இந்தத் தடவை நான் இருப்பேன். பச்சைப் புடவையை இன்னும் கட்டவில்லை. அன்றைக்கென்று வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கலைமணி


வளப்பூர் நாடு,
17.2.2025

பிரேம் அவர்களுக்கு,

ஐந்தாம் தேதி மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்தேன். கணுக்கால் எலும்பில் விரிசல். மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் நேற்று உங்களை வர வேண்டாம் என்று தரகரிடம் சொல்லி அனுப்பினோம். கட்டிலில் கிடக்கிற பெண்ணைப் பார்த்து என்ன செய்வீர்கள்?

எட்டாம் தேதி சந்தை போயிற்று. பதினைந்தும் போயிற்று. வருகிற சனிக்கிழமை மூன்றாவது. பஸ் படி ஏறக் கூடாது என்கிறார் டாக்டர். அம்மாவுக்கு மூன்றாவது வளைவிலேயே வாந்தி வரும். அப்பாவை அனுப்பினால் இடத்தையும் சேர்த்து யாருக்காவது கொடுத்துவிட்டு வருவார்.

நான் எதுவும் கேட்கவில்லை. நம் பேச்சு அந்த இடத்தை வைத்து நடந்ததால் தெரியப்படுத்துகிறேன். இடம் போய்விட்டால் உங்களுக்கு என்னிடம் சம்மதம் சொல்ல வேண்டிய வேலையும் போய்விடும்.

இங்கே படுத்துக்கொண்டு கூரை ஓடுகளைப் பார்ப்பதுதான் வேலை. ஒரு ஓடு உடைந்திருக்கிறது. இத்தனை வருஷம் கவனிக்கவில்லை.

கலைமணி


பேளுக்குறிச்சி,
23.2.2025

கலைமணி அவர்களுக்கு,

இடம் போகவில்லை. நேற்று நான் உட்கார்ந்தேன்.

சம்பளப் பொறுப்பை இன்னொருவரிடம் விட்டுவிட்டுக் காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். கடையில் ஐந்து கிலோ மிளகு வாங்கித் தார்ப்பாயில் கொட்டினேன். பக்கத்தில் கொத்தமல்லி விற்கிற இருசாயி அக்கா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏனுங்க தம்பி, சிமெண்ட் கலக்கப் போறீங்களா? மணலாட்டம் கொட்டி வெச்சிருக்கீங்க" என்றார். பிறகு அவரே கூம்பாகக் குவித்துக் கொடுத்தார். "அந்தப் புள்ளைக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார். "தெரிஞ்சவங்க" என்றேன். "தெரிஞ்சவங்க ஆரும் மிளகு விக்க வர மாட்டாங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

மூன்று கிலோ விற்றது. வாங்கின விலைக்கே விற்றேன். கூட்டிச் சொல்ல வாய் வரவில்லை.

பத்து மணிக்குச் சுங்கக்காரர் வந்தார். பேர் கேட்டார். பிரேம் என்றேன். எழுதிக் கொடுத்தார்.

மத்தியானம் அம்மா சோறு கொண்டு வந்தார். "மருமவ சந்தையில உக்காந்தா ஊரு என்ன பேசும்" என்று போன வாரம் வரை சொன்னவர், சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இடம் நம்ம பேருக்கு வந்துருச்சு. இனி அந்தப் பொண்ணு எதுக்குச் சிரமப்படணும்?" என்கிறார். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

காலை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பிரேம்


வளப்பூர் நாடு,
26.2.2025

பிரேம் அவர்களுக்கு,

நீங்கள் மிளகு கொட்டியதைப் படித்துச் சிரித்தேன். விழுந்த பிறகு சிரித்தது அன்றுதான். எனக்காக ஒருவர் ஒரு நாள் வேலையை விட்டது இதுதான் முதல் தடவை. மறக்க மாட்டேன்.

ஆனால் சுங்கக்காரர் பேர்தானே கேட்டார்? உங்கள் பேர் என்று கேட்கவில்லையே. கலைமணி என்று சொல்லியிருக்கலாம்.

இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இடத்தில் இருப்பவர் வாயால் சொன்னால் பேரை மாற்றி எழுதுவார்கள். வருகிற சனிக்கிழமை மாற்றிவிடுங்கள். அம்மாவிடமும் சரியா, இல்லையா என்று ஒன்றைச் சொல்லிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கலைமணி


பேளுக்குறிச்சி,
2.3.2025

கலைமணி அவர்களுக்கு,

நேற்று வேலையை விட்டு வர முடியவில்லை. அம்மாவே போய் உட்கார்ந்தார். பேரை மாற்றச் சொல்லித்தான் அனுப்பினேன். "கல்யாணம் ஆனா எல்லாம் ஒண்ணுதானே, இதுல அவ பேரென்ன, உம்பேரென்ன" என்று விட்டுவிட்டார்.

இதற்காக இப்போது அம்மாவோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று பார்க்கிறேன். கல்யாணம் முடியட்டும். அப்புறம் மெதுவாகப் பேசிக்கொள்ளலாம். நான் சம்மதம் என்று எழுதியதில் மாற்றம் இல்லை.

சித்திரையில் நாள் பார்க்கலாம் என்கிறார்கள். பச்சைப் புடவையை எப்போது பார்ப்பது?

அன்புடன்,
பிரேம்


வளப்பூர் நாடு,
9.3.2025

பிரேம் அவர்களுக்கு,

நேற்று மாவுக்கட்டோடு சந்தைக்கு வந்தேன். வாழைத்தார் ஏற்றிய லாரியில், டிரைவர் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு. என் இடத்தில் உங்கள் அம்மா இருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் அந்தப் பொண்ணா கண்ணு?"

"ஆமாங்க."

"கட்டோட எதுக்கு வந்தே?"

"எடத்தப் பாத்துட்டுப் போலாமுன்னு வந்தனுங்க."

"எடம் எங்க போயிருது? உக்காரு" என்று சாக்கை ஒதுக்கினார். உட்கார்ந்தேன். அவர் விற்றுக்கொண்டிருந்த மிளகை எடுத்து நகத்தால் அழுத்தினேன். உடைந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"பாதிக்குப் பாதி பொக்குங்க. ஆரு குடுத்தது?"

"அதானா? வர்றவனெல்லாம் கையில அள்ளிப் பாத்துட்டு, மலைப் பொண்ணு எங்கேன்னு கேட்டுப்போட்டுப் போறான்" என்றார். கோபம் என் மேல் இல்லை, கடைக்காரன் மேல். "ஆனாலும் எனக்கு இங்க உக்காந்திருக்கப் புடிச்சிருக்குது. ஊட்டுல செவுத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். இங்க நாலு பேரு வாறாங்க, பேசறாங்க."

"ஊரு என்ன பேசுமுங்க?" என்றேன்.

முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். இருசாயி அக்கா, "மாமியாளும் மருமவளும் சேந்து கடை போட்டா நான் மூட்டையக் கட்டிக்க வேண்டியதுதான்" என்றார்.

உங்கள் அம்மா நேராகவே பேசினார். "கல்யாணம் ஆயி நீ ஊட்டப் பாத்துக்க. சந்தைய நான் பாத்துக்கறேன். அதுதான் என் நெனப்பு."

"ஆகாதுங்க."

"அப்பக் கல்யாணம்?"

"வேண்டாமுங்க."

பொக்கு மிளகை ஓரமாகத் தள்ளினார்.

"மிளகு?"

"அது பேசலாமுங்க."

பேசினோம். அவரிடம் இடம் இருக்கிறது, மிளகு இல்லை. என்னிடம் மிளகு இருக்கிறது, இடம் இல்லை. சுங்கக்காரர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

உங்கள் மேல் எனக்குக் குறை இல்லை. நல்லவர். ஆனால் உங்கள் அம்மா "இல்லை" என்பதை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "இல்லை" என்கிறவரோடு பேரம் பேச எனக்குத் தெரியும். "அப்புறம்" என்கிறவரோடு என்ன பேசுவது என்று எட்டு வருஷமாகியும் தெரியவில்லை. உங்கள் கடிதங்கள் மூன்றில் இரண்டை இதோடு வைத்திருக்கிறேன். மிளகு கொட்டியதை எழுதினீர்களே, அதை மட்டும் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

பச்சைப் புடவையைக் கேட்டிருந்தீர்கள். நேற்று அதைத்தான் கட்டியிருந்தேன். லாரியில் வாழைக் கறை பட்டுவிட்டது. வாழைக் கறை போகாது. இனி அதைச் சந்தைக்குக் கட்டுவேன்.

பேசி முடித்ததை உங்களுக்கும் தெரியப்படுத்துகிறேன். சுங்கச் சீட்டு நேற்றிலிருந்து மா. கலைமணி என்ற பேரில். உங்கள் அம்மாவே வாயால் சொல்லி மாற்றினார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இரண்டடி எனக்கு, இருசாயி அக்கா பக்கம் இரண்டடி அவருக்கு. மிளகு முழுக்க நான் இறக்குவேன், விற்காததை நானே எடுத்துக்கொள்வேன். கடையில் உங்களைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை, அது நான் கேட்டது. அவர் விற்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் அவருக்கு ஒரு பங்கு. நாற்பது ரூபாய் கேட்டார். முப்பத்தைந்துக்கு முடித்தோம்.

இப்படிக்கு,
மா. கலைமணி